கொலோன் பேராலயம்: இரண்டு கோபுரமும் ஒரே மாதிரி இருக்கே, இதில் எது பழசு?

உறையூர்_ஜெயா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் அப்பாவை அழைத்துக்கொண்டு ஜெர்மனி போகிறேன். தம்பி டூசல்டார்ஃபில் வேலை பார்க்கிறான். எங்கே போகணும் என்று அப்பாவிடம் கேட்டதற்கு அவர் சொன்ன ஒரே இடம் கொலோன் பேராலயம். கொத்தனார் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் லூர்து மாதா கோயில் பக்கம் போனாலே கோபுரத்தை நின்று பார்க்காமல் நகர மாட்டார்.

படங்களைக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. 1248இல் ஆரம்பித்து 1880இல் முடிந்தது, 632 வருஷம் கட்டினார்கள் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்பா கேட்கிறார்: "அத்தனை வருஷம் கட்டினா ஆள் மாறும், கல்லு மாறும், கை மாறும். ரெண்டு கோபுரமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கே, எப்படிம்மா?" அடுத்தது, ஏன் இவ்வளவு கறுப்பு, போரில் எரிந்ததா என்றார். மூன்றாவது, இயேசு பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் எலும்பு அங்கேதான் இருக்கிறதாமே, நிஜமா?

அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் ஒரு நாள் முழுக்க அங்கேயே இருக்கலாம். எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாடோடி_செல்வம்

வழி தேட வேண்டியதே இல்லை. கொலோன் முதன்மை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேராலயம் எதிரிலேயே நிற்கும். கோபுரம் ஏற 533 படி. லிஃப்ட் கிடையாது, வட்டப் படிக்கட்டு, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே வழி. முழங்கால் வலியோடு வேண்டாம். நீங்கள் மட்டும் ஏறிப் படம் எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். பாதி வழியில் மணிக்கூண்டு வரும். அங்கே 24 டன் மணி ஒன்று தொங்குகிறது, 1923இல் வார்த்தது. ஊர்க்காரர்கள் அதைத் தடியன் பீட்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

வரலாறெல்லாம் கல்லுளி ஐயா வந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.


கல்லுளி

தங்கச்சி, உங்கள் அப்பா கேட்டதுதான் கேள்வி. கல்லில் கை வைத்தவருக்கே அது தோன்றும். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ரைன் கரையோரம் பழைய கல் கட்டடங்களைச் செப்பனிடும் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை செய்தவன். பேராலயத்துக்கென்று சொந்தப் பட்டறை ஒன்று இருக்கிறது, அதில் நான் இருந்ததில்லை. ஆனாலும் அந்தக் கற்களைத் தெரியும். அதனால் கல்லின் வழியாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 632 வருஷக் கணக்கை விட்டுவிடுங்கள். யாரும் 632 வருஷம் கட்டவில்லை. 1248இலிருந்து 1560 வரை ஒரு வேலை. 1842இலிருந்து 1880 வரை இன்னொரு வேலை. நடுவில் 282 வருஷம் உளிச் சத்தமே கிடையாது.

1248இல் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பழைய பேராலயம் இருந்தது. அதன் ஒரு பகுதியைத் தீ மூட்டி இடிக்கப் போய், தீ கை மீறி முழுக் கோவிலும் எரிந்து போனது. அந்த வருஷம் ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பேராயர் கொன்ராட் புதிய கோவிலுக்கு அடிக்கல் வைத்தார். தலைமைக் கல்தச்சர் பெயர் கெர்ஹார்ட். பிரான்சில் அமியான் நகரப் பேராலயம் அப்போது கட்டிக்கொண்டிருந்த காலம். அதை நன்றாகத் தெரிந்துகொண்டு, அதையும் மிஞ்ச வேண்டும் என்று கோடு போட்டவர் அவர். உள்ளே தரையிலிருந்து கூரை வளைவு வரை 43 மீட்டருக்கு மேல். வெளிப்புறம் வரிசையாகச் சாய்ந்து நிற்கிற வளைவுகள் அழகுக்காக வைத்தவை அல்ல. உயரத்தில் கல் வளைவு சுவரை வெளியே தள்ளுகிறது, அந்தத் தள்ளலை வாங்கி நிலத்துக்கு இறக்குவது அவைதான். அதனால்தான் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடியாக விட முடிந்தது. அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொன்னாலே விளங்கிவிடும்.

கிழக்குப் பக்கம், பீடம் இருக்கிற பகுதிதான் முதலில் முடிந்தது. 1322இல் அபிஷேகம் செய்தார்கள். பூசை நடக்க வேண்டுமே, அதனால் மேற்குப் பக்கத்தைச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். தற்காலிகச் சுவர். அது 1863 வரை நின்றது! மற்ற வேலை மெல்ல மெல்ல நடந்தது. தென்கோபுரம் 60 மீட்டருக்குக் கிட்ட வந்தது. நடுக்கூடத்தின் தூண்கள் கொஞ்ச உயரம் போய், மேலே ஒப்புக்கு ஒரு கூரை. வடகோபுரம் அஸ்திவாரத்தைத் தாண்டி அதிகம் எழும்பவே இல்லை. 1560இல் பணம் இல்லை என்று கோவில் நிர்வாகக் குருக்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மார்ட்டின் லூத்தருக்குப் பிறகான காலம், யாத்திரிகர் வரவும் காணிக்கையும் குறைந்துவிட்டன. கூர்வளைவு வைத்து உயரமாகக் கட்டுகிற இந்தக் கோதிக் பாணியின் மவுசும் போய்விட்டது.

தென்கோபுரத்தின் தலையில் கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி ஒன்று இருந்தது. வேலை நின்றும் அதை யாரும் இறக்கவில்லை. 1868 வரை அது அங்கேயே நின்றது. பழைய ஓவியங்களிலும் முதல் புகைப்படங்களிலும் கொலோன் என்றாலே மொட்டைக் கோபுரமும் அதன் மேல் அந்தப் பாரந்தூக்கியும்தான். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்ச் சனம் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறது. அந்தப் படம் ஒன்றைத் தேடி அப்பாவுக்குக் காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். நேரில் பார்க்கும்போது எங்கே பழையது முடிகிறது என்று அவர் கண்ணே பிடித்துவிடும்.

இனி அவர் சொன்ன அந்த அச்சு. அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. மேற்கு முகப்பு முழுவதையும், இரண்டு கோபுரங்களையும் நுனி வரை, மத்திய காலத்துக் கைகளே தோலில் வரைந்து வைத்திருந்தன. 4 மீட்டருக்கும் மேல் உயரமான வரைபடம். 1794இல் பிரெஞ்சுப் படை கொலோனுக்குள் வந்த குழப்பத்தில் கோவில் ஆவணங்கள் ஊரை விட்டு வெளியேறின. கோவிலையே கொஞ்சக் காலம் கிடங்காக வைத்திருந்தார்கள். வரைபடம் எங்கே போனது என்று தெரியாமல் போய்விட்டது. 1814இல் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு சத்திரத்தின் பரணில் பாதி கிடைத்தது. அவரை விதை காயப் போட அதை விரித்திருந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது கட்டடக் கலைஞர் கெயோர்க் மொல்லரின் கைக்கு வந்து சேர்ந்தது. மற்றப் பாதியை 1816இல் பாரிசில் சுல்பிஸ் புவாசறே கண்டுபிடித்தார். இந்தக் கோவிலை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று இளம் வயதிலிருந்தே அலைந்த மனிதர் அவர்.

அந்தத் தோலைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் கோபுரங்களைக் கட்டினார்கள். பழைய தென்கோபுரத்தின் மேல் புதுக் கல் ஏறியது. வடகோபுரம் அநேகமாக முழுவதுமே புதிது. இரண்டும் ஒரே வரைபடத்தின் பிள்ளைகள், அதனால்தான் ஒரே முகம். உயரத்தில் வித்தியாசம் 7 சென்டிமீட்டர்தான், வடகோபுரம் கூட, 157.38 மீட்டர். அந்த வரைபடம் இன்றும் கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் சுற்றிப் போகும் வழியில் ஒரு சிற்றாலயத்தில், வெளிச்சம் படாமல் திரை போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோவிலில் எல்லாவற்றையும் விடப் பெரிய பொருள் அதுதான். முன்பின் பார்த்திராத ஆட்கள், 500 வருஷத்துக்கு முந்திய மேஸ்திரியின் வரைபடத்தை மதித்து, இம்மி பிசகாமல் மேலே போயிருக்கிறார்கள்.

கறுப்பு நிறம் பற்றி. எரிந்த கறுப்பு அல்ல. கட்டி முடித்தபோது வெளிர் நிறக் கோவில்தான். பக்கத்திலேயே ரயில் நிலையம், நிலக்கரி எஞ்சின்கள், சுற்றிலும் ரைன்லாந்து, ரூர் ஆலைகள். புகையில் இருக்கும் கந்தகம் மழையோடு சேர்ந்து அமிலமாகிறது. அது கல்லிலும் சாந்திலும் இருக்கிற சுண்ணாம்பை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் பொருக்குக் கட்டும்போது கரியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சும்மா படிந்த அழுக்கென்றால் கழுவிவிடலாம். இது கல்லோடு கல்லாக ஊறிப் போனது.

இதில் மனம் வேகும் விஷயம் ஒன்று இருக்கிறது. பழையவர்கள் எடுத்த கல் டிராகன்ஃபெல்ஸ் மலையின் ட்ராகைட் என்ற எரிமலைக் கல். கோனிக்ஸ்விண்டர் ஊருக்கு மேலே, ரைன் கரையிலேயே இருக்கிற மலை. வெட்டிப் படகில் ஏற்றினால் ஆறே கொண்டுவந்து சேர்த்துவிடும். வெட்டி வெட்டி மலையுச்சியே சரியத் தொடங்கியதும், 1836இல், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு மலையை வாங்கிக் கல் எடுப்பதை நிறுத்திவிட்டது. ஆறு வருஷம் கழித்துக் கோவில் வேலை தொடங்கும்போது அந்தக் கல் இல்லை. தெற்கே வூர்ட்டம்பெர்க்கிலிருந்து ஷ்லைட்டோர்ஃப் மணற்கல்லைக் கொண்டுவந்தார்கள். செதுக்க நல்ல கல், பார்க்கவும் அழகு. ஆனால் அதன் மணலைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு வகைப் பிணைப்பு. அமில மழைக்கு முன்னால் அது நிற்கவில்லை. அதனால் கோவிலின் இளைய பகுதிகளில் சில, மூத்த பகுதிகளை விட மோசமாக உதிர்கின்றன. பூவேலை, இலைவேலை எல்லாம் மழுங்கிப் போய் நிற்பதை வெளியே பார்ப்பீர்கள். பின்னால் பயன்படுத்திய ஓபர்ன்கிர்ஹென் மணற்கல் நன்றாகக் கறுக்கும், ஆனால் உதிராது. கறுத்திருப்பதெல்லாம் கெட்ட கல் என்று அப்பா நினைத்துவிட வேண்டாம்.

ட்ராகைட்டை அடையாளம் காண்பது சுலபம். சாம்பல் நிறம். அதற்குள் நகம் அளவில், சிலவேளை அதைவிடவும் பெரிதாக, நீள் சதுரமான வெள்ளைப் படிகங்கள் புதைந்திருக்கும். வெளிப்புறத்துப் பழைய கல் நிறைய மாற்றப்பட்டுவிட்டது. அதனால் உள்ளே, பீடப் பகுதித் தூண்களுக்குக் கிட்டப் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நின்று பாருங்கள். படிகம் பளிச்சென்று மின்னும்.

எலும்புகளைப் பற்றி வேறு யாராவது எழுதுங்கள். அதில் எனக்குப் பக்தி உண்டு, படிப்பு குறைவு.


மேரி_ஜோ

எலும்பு பற்றி நான் சொல்கிறேன். நானும் இங்கே இருக்கிறவள்தான்.

1164இல் பேராயர் ரைனால்ட் இவற்றை இத்தாலியின் மிலான் நகரிலிருந்து கொண்டுவந்தார். அவர் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவின் மந்திரி. பேரரசர் மிலானைப் போரில் பிடித்த பிறகு கிடைத்த பொருள். மிலான்காரருக்கு அது ஆறாத காயம். 1903இல்தான் எலும்புகளில் கொஞ்சம் அங்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. வந்த நாளிலிருந்து யாத்திரிகர் கூட்டம் பெருகியது. பழைய கோவில் போதாமல் இந்தப் பெரிய கோவிலைக் கட்ட நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எலும்புகளை வைத்திருக்கிற பேழை பிரதான பீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. வெர்டன் ஊர் நிக்கொலாஸ் என்ற பொற்கொல்லரும் அவருடைய பட்டறையும் 1190 முதல் ஏறத்தாழ 1225 வரை செய்தது. 220 சென்டிமீட்டர் நீளம், ஒரு கோவில் வடிவம், பொன்முலாம், பக்கவாட்டில் இறைவாக்கினரும் அப்போஸ்தலரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 1864இல் திறந்து பார்த்தபோது உள்ளே மூன்று பேருடைய எலும்புகள் இருந்தன. அவற்றோடு இருந்த துணி மிகப் பழைய கிழக்கு நாட்டு நெசவு. அவர்கள் வேதத்தில் வருகிற ஞானிகள்தான் என்று எலும்பை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் 850 வருஷத்துக்கும் மேலாகச் சனம் வந்து முழந்தாளிடுகிற இடம். அந்த ஜெபத்தை நான் மதிக்கிறேன். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் முன்பக்கப் பலகையை எடுத்துவிட்டு, முடி சூட்டிய மண்டை ஓடுகளைக் காட்டுவார்கள்.

நீங்கள் செப்டம்பர் கடைசியில் வருகிறீர்களே, நல்ல காலம். கோவில் அபிஷேக நாள் செப்டம்பர் 27. அதையொட்டி யாத்திரை நாட்கள் வரும். அப்போது யாத்திரிகரைப் பேழைக்குக் கீழே நடந்து போக விடுவார்கள். மற்ற நாட்களில் தள்ளி நின்றுதான் பார்க்கலாம். அந்த வருஷத்துத் தேதியைக் கோவில் அறிவிப்பில் பார்த்துவிட்டு உங்கள் நாளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சிலுவை வடிவக் கோவிலின் வடக்குச் சிறகில் உடுத்தி நகை போட்ட மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது. நேர்ச்சையாகக் கொடுத்த சங்கிலி, மோதிரம் எல்லாம் உடுப்பு மேல் தைத்துத் தொங்கும். முன்னால் எப்போதும் மெழுகுதிரி எரியும். வேளாங்கண்ணி பார்த்த நம் ஆட்களுக்கு அங்கே நின்றதும் மனம் இளகிவிடும். கேவெலார் ஊர் மாதாவிடம் ஓகஸ்டில் நடக்கிற தமிழர் யாத்திரைக்கு வருகிறவர்கள் பலரும் இங்கேயும் வந்துதான் போவார்கள்.


உறையூர்_ஜெயா

மிக்க நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்தத் தோல் வரைபடம் வந்த இடத்தில் "திரும்பப் படி" என்றார். இப்போது இன்னும் இரண்டு கேள்வி.

ஒன்று: 60 மீட்டரில் நின்றுபோன கோபுரத்தின் மேல் இன்னும் நூறு மீட்டர் ஏற்றினார்களே, பழைய அஸ்திவாரம் எப்படித் தாங்கியது? பழைய சுவரின் மேல் ஒரு மாடி ஏற்றவே அவர் யோசிப்பாராம்.

இரண்டு: போரில் ஊரே தரைமட்டமாகக் கிடக்கும் படத்தில் கோவில் மட்டும் நிற்கிறது. விமானிகள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று தம்பி சொல்கிறான். அப்படியா?


கல்லுளி

அஸ்திவாரம் பற்றி அப்பா கேட்பார் என்று எதிர்பார்த்தேன், சந்தோஷம்.

தென்கோபுரத்தின் அஸ்திவாரம் மத்திய காலத்து ஆட்களே போட்டது. சுமார் 15 மீட்டர் ஆழம். பாசால்ட் கல் ஒரு வரிசை, எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் கல் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கியிருக்கிறார்கள். 60 மீட்டரை மனதில் வைத்துப் போட்டதல்ல, தோலில் வரைந்த முழு உயரத்துக்கும் போட்டது. அதை முடிக்கத் தங்கள் ஆயுள் போதாது என்று தெரிந்தவர்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள். பாரம் ஏறுவதற்கு முன் அந்தச் சாந்துக்கு 400 வருஷத்துக்கும் மேல் இறுகக் காலம் கிடைத்தது. 1946இலிருந்து கோவிலுக்கு அடியில் தோண்டி ஆராய்கிறார்கள். ரோமர் காலத்து வீட்டுச் சுவர்கள், பழைய பேராலயம், 6ஆம் நூற்றாண்டுப் பிராங்கிய அரச குடும்பத்துப் பெண் ஒருத்தியினதும் சிறுவன் ஒருவனினதும் கல்லறைகள் எல்லாம் அங்கே கிடைத்தன.

அப்பாவுக்கு இதையும் சொல்லுங்கள்: 19ஆம் நூற்றாண்டு ஆட்கள் வரைபடத்தைத்தான் அப்படியே எடுத்தார்கள், முறையை அல்ல. கூரைக்குள் மரச்சட்டம் போடவில்லை, இரும்புச் சட்டம் போட்டார்கள். கீழிருந்து பார்த்தால் தெரியாது. 1860களில் கல் கோவிலுக்கு இரும்புக் கூரை என்பது துணிச்சலான முடிவு. வேலையின் தலைவர் எர்ன்ஸ்ட் பிரீட்ரிக் ஸ்விர்னர். அவர் 1861இல் இறந்த பிறகு ரிச்சர்ட் ஃபோய்க்டல் முடித்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அந்த இரும்புக் கூரை ஒரு பதில். தம்பி சொல்வதை ஊரில் பலரும் சொல்வார்கள். ஆனால் கோவிலின் மேல் 14 பெரிய குண்டுகள் விழுந்தன. விட்டுவைத்த கட்டடத்தில் 14 விழாது. நடுக்கூடத்தின் வளைவுகள் பல இடிந்தன. ஆனாலும் எரிய மரக்கூரை இல்லை. சுவரில் பெரும் பகுதி கண்ணாடி, அதனால் வெடியின் அழுத்தம் வெளியேற வழி இருந்தது. பழைய கண்ணாடி ஓவியங்களை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1943 நவம்பரில் வடகோபுரத்தின் மூலைத் தூணில் ஒரு குண்டு விழுந்து பெரிய துண்டைப் பெயர்த்துவிட்டது. மேலே அத்தனை பாரம், தூணில் ஓட்டை! அவசர அவசரமாகச் செங்கல்லை வைத்து அடைத்தார்கள், ஆயிரக்கணக்கான செங்கல். போர் முடிந்தும் அந்தச் செங்கல் ஒட்டு 60 வருஷம் வெளியே தெரிந்தது. 2005இல்தான் மேலே கல் முகப்புப் போட்டு மூடினார்கள், செங்கல் இன்னும் உள்ளே இருக்கிறது. போரின் அடையாளமாக அதை விட்டிருக்க வேண்டும் என்று அப்போது பலர் வாதாடினார்கள். நானும் அந்தப் பக்கம்தான். குண்டு விழுகிற ஊரில் கோபுரத்தைக் காப்பாற்றக் கொத்தனார்கள் வைத்த செங்கல் அது. தேவதைச் சிற்பத்துக்குக் குறையாத மரியாதை அதற்கும் உண்டு.


மதுரை_ராஜா

ஒரு சந்தேகம். 19ஆம் நூற்றாண்டில் முடித்தது பக்திக்காகவா, தேசியப் பெருமைக்காகவா? பிரஷ்ய அரசர் புரொட்டஸ்டாண்ட். அவர் ஏன் கத்தோலிக்கப் பேராலயத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்? அப்புறம் தெற்குச் சிறகில் கணினி கட்டம் மாதிரி ஒரு கண்ணாடி இருக்கிறதே, பழைய கோவிலில் அது எதற்கு?


கல்லுளி

இரண்டும் கலந்தது, ராஜா. நெப்போலியன் போன பிறகு, சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகளுக்குப் பொதுவாகக் கட்டி முடிக்க ஒன்று கிடைத்தது. 1842 செப்டம்பர் 4 அன்று அரசர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் வந்து அடிக்கல் வைத்தார். அவருக்கும் மத்திய காலத்தின் மேல் உண்மையான காதல் இருந்தது. செலவில் அரசு ஒரு பங்கு. மறுபங்கை அதற்கென்றே தொடங்கிய பொதுமக்கள் சங்கம் திரட்டியது. அந்தச் சங்கம் இன்றும் செப்பனிடும் வேலைக்குப் பணம் கொடுக்கிறது. அதில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, புரொட்டஸ்டாண்டுகளும் யூதர்களும் இருந்தார்கள். போதாமல் போனபோது லாட்டரி நடத்தினார்கள்.

முடிந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம். 1880 ஒக்டோபர் 15, பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் முன்னிலையில் பெருவிழா. பேராயர் மெல்ஹெர்ஸ் அங்கே இல்லை. பிஸ்மார்க்கின் அரசு கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதிய காலம். பேராயரைச் சிறையில் போட்டு, அவர் பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாகிவிட்டது. ஆறு நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய கோவில் முடிகிறது, அதன் மேய்ப்பன் வெளிநாட்டில்.

யூதர்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் மறைக்கக் கூடாது. 1266இல் ஒரு பேராயர் யூதர்களுக்குக் கொடுத்த உரிமைகளைப் பொறித்த கல் கோவிலுக்குள் இருக்கிறது. அதே கோவிலில், 1310 வாக்கில் செய்த பாடகர் இருக்கைகளின் மரவேலையில் யூதர்களை இழிவுபடுத்தும் செதுக்கலும் இருக்கிறது. 104 இருக்கை, கருவாலி மரம், கைவேலை அபாரம். ஆனால் அந்தச் செதுக்கலைச் சொல்லாமல் வேலைப்பாட்டை மட்டும் புகழ எனக்கு மனம் வராது.

நீங்கள் கேட்ட கண்ணாடி ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டருடையது, 2007இல் வைத்தது. அங்கே இருந்த 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி போரில் போய்விட்டது. 72 நிறத்தில் 11,000க்கும் மேற்பட்ட சதுரத் துண்டுகள். அன்றைய பேராயர் கர்தினால் மைஸ்னருக்கே அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும். அந்த 72 நிறங்களும் கோவிலின் மற்றக் கண்ணாடிகளில் இருக்கிற நிறங்களை ஒட்டியே எடுத்தவை. வெயில் நாளில் நண்பகலை ஒட்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, கண்ணாடியைப் பார்க்காமல் தரையையும் தூணையும் பாருங்கள், பிறகு பேசுவோம்.

ஜெயா தங்கச்சி, அப்பாவுக்கு முழங்கால் வலி என்றதால் நடக்க ஒரு வழி சொல்கிறேன். முதலில் மேற்கு முகப்பு. அதற்கு முன்னால் நின்றால் உங்கள் வலப்பக்க வாசல் தென்கோபுரத்தின் அடியில் இருக்கிறது. மூன்று வாசலில் அது ஒன்றுதான் மத்திய காலத்துச் சிற்பங்களோடு முடிந்தது, 1370களில். பேதுரு வாசல் என்பார்கள். மற்ற இரண்டிலும் சிற்பம் 19ஆம் நூற்றாண்டு. அப்பாவிடம் எது எது என்று சொல்லாமல் மூன்றையும் பார்க்க விடுங்கள். அவரே பிரித்துச் சொல்வார்.

உள்ளே போனதும் நேராகப் பீடத்துக்கு ஓட வேண்டாம். நடுக்கூடத்தில் வாங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மேலே பார்க்கட்டும். பிறகு பீடத்தைச் சுற்றும் வழியை வடபுறமிருந்து தொடங்குங்கள். முதலில் பேராயர் கெரோவின் பெயரால் வழங்கும் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசு, வரும். 10ஆம் நூற்றாண்டு, கருவாலி மரம், ஆள் உயரத்துக்குச் சற்று மேல். இந்தக் கோவிலை விட 270 வருஷம் மூத்தது. உயிர் பிரிந்த உடல், தலை தொங்கி, வயிறு முன்தள்ளி, கைத்தசை பாரத்தில் இழுபட்டு இருக்கும். மரத்தில் உடலின் பாரத்தைக் காட்டிய அந்தக் கைக்கு முன்னால் நான் எப்போதும் நிற்பேன். அப்புறம் வரைபடம் இருக்கிற சிற்றாலயம். பின்னால் நடுச் சிற்றாலயத்தில் 1260 வாக்கிலான விவிலியக் கண்ணாடி, கோவிலிலேயே பழையது. தென்புறம் வந்தால் ஸ்டெஃபான் லொக்னரின் பீட ஓவியம், மூன்று ராஜாக்கள் வணங்குவது. முதலில் நகரசபைச் சிற்றாலயத்துக்காக வரைந்தது, 1810 வாக்கில் இங்கே வந்தது.

பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அதைத் தவிர்த்துப் போங்கள், அல்லது பூசையே கண்டுவிட்டுப் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த வழி. வெளியே வந்த பிறகு கோவிலைச் சுற்றித் தென்புறச் சதுக்கம் வரை மெல்ல நடக்கலாம், அங்கே தரை சமம். எந்தப் பக்கமாவது சாரம் கட்டியிருக்கும், சாரம் இல்லாத நாள் இந்தக் கோவிலுக்குக் கிடையாது. அதைப் பார்த்து அப்பா ஏமாந்துவிட வேண்டாம். புதுக் கல் பதித்த இடம் வெளிர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். பழைய கல்லோடு அது சேரும் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.


உறையூர்_ஜெயா

அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். அந்தச் செங்கல் அடைத்த தூண் வடகோபுரத்தில் எந்தப் பக்கம், வெளியே நின்று காட்ட முடியுமா என்று கேட்கிறார்.


கல்லுளி

முடியும். ரயில் நிலையப் பக்கமாக வந்து மேற்கு முகப்பைப் பார்க்கத் திரும்பும் மூலை, வடமேற்குத் தூண். ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்தில் கல்லின் நிறம் சுற்றியிருப்பதை விட இளசாக இருக்கும். அதுதான்.